ஒரு சுவரும் ஒரு பென்சிலும்: வெளிச்சத்தைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் கூடும் கூட்டத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். மேகம் மறைத்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் டீ குடிக்கப் போனோம். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, சென்னையில் என் வீட்டுச் சமையலறை மேடையில் பால் டம்ளருக்குள் வெயில் ஒரு வளைகோடு வரைந்திருப்பதைப் பார்த்தேன். அது தினமும் அங்கே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன்.

வெளிச்சத்தைத் தேடி அலையாமல், அது வருகிற இடத்தில் உட்கார்ந்து கவனிக்க விரும்புகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு அடிக்கோல் போதும். கேமரா வேண்டாம். முதல் மாதம் கைப்பேசியில் படம் எடுப்பதையும் நிறுத்தி வையுங்கள். கைப்பேசிக் கேமரா இருட்டைத் தானாகவே வெளுத்துவிடும், மஞ்சளை வெள்ளையாக்கிவிடும். நீங்கள் பார்த்தது ஒன்று, அது காட்டுவது வேறொன்று. இன்னொரு முக்கியமான சங்கதி: எந்தப் பயிற்சியிலும் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கூலிங் கிளாஸோ பழைய எக்ஸ்ரே பிலிமோ கண்ணைக் காப்பாற்றாது. நாம் பார்க்கப் போவது வெயில் விழுகிற இடத்தைத்தான்.

முதலில் ஒரு சுவர்

நேர் வெயில் விழும் சுவர் ஒன்றை வீட்டில் கண்டுபிடியுங்கள். கிழக்கு ஜன்னல் இருந்தால் அதன் எதிர்ச்சுவர் உத்தமம். மேற்கு ஜன்னலும் சரிதான், மாலையில் வீட்டில் இருப்பவராக இருந்தால். வடக்கு ஜன்னல் மட்டும் வாய்த்தவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் சாய்வெயில் எட்டிப்பார்க்கும். வெயிலே எட்டாத வீடு என்றால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், எதிர்வீட்டு மதில், பஸ் நிறுத்தத் தூண் எதுவானாலும் ஏற்கலாம். தினமும் நீங்கள் கடந்துபோகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள், சுவரில் விழும் வெயில் கட்டத்தின் ஒரு விளிம்பில் பென்சிலால் சின்னக் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் நேரமும். பிறகு பத்து நிமிடம் நகராமல் உட்காருங்கள். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளியுள்ள சுவரில் அந்தக் கட்டம் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். நடுத்தரச் சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள் நுனி நகர்வதும் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான். கண்ணெதிரே நகர்வது தெரியாது. காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருக்கும்.

அடுத்தது வாரம் ஒரு கோடு. ஞாயிறு காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டால் ஏழு மணிதான். ஏழேகாலுக்குப் போட்ட கோட்டால் பயனில்லை. நான்கைந்து வாரத்தில் கோடுகள் பக்கவாட்டில் அணிவகுக்கத் தொடங்கும். சென்னையில் சூரியன் உதிக்கும் இடம் சரியான கிழக்கிலிருந்து ஜூனில் வடக்கே சுமார் 24 பாகையும் டிசம்பரில் தெற்கே அதே அளவும் விலகுகிறது. கிழக்கு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால், ஜூன் மாதக் கட்டம் இடப்பக்கமும் டிசம்பர் கட்டம் வலப்பக்கமும் விழும். பத்தடித் தூரத்தில் இந்த இரண்டுக்கும் இடைவெளி எட்டடிக்கு மேல். என் அறை அவ்வளவு அகலம் கிடையாது. டிசம்பரில் வெயில் மூலை திரும்பிப் பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது. உத்தராயணம், தட்சிணாயணம் என்று காலண்டரில் படித்தபோது ஒன்றும் விளங்கவில்லை. சுவர் மூலையில் வெயில் மடங்கி நின்றபோது விளங்கியது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பென்சிலுக்குப் பதில், பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பைப் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கோடுகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளையின் உயரத்தையா குறித்து வைத்திருக்கிறீர்கள்? குறுக்கே அல்லவா வளர்கிறது!" என்று கேட்டார். வெள்ளையடிக்கும் செலவை முன்பணத்தில் கழித்துக்கொண்டது வேறு கதை.

கிழக்கு ஜன்னல்காரர்கள் மாலை நான்கரை, ஐந்து மணிக்கும் ஒருமுறை அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். எதிரே உயரமான அடுக்குமாடி இருந்தால் மேற்கு வெயில் அதன் ஜன்னல் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து உங்கள் அறைக்குள் வரும். எங்கள் தெருவில் எதிர்க்கட்டடம் எழும்பியபோது காலை வெயிலில் அரைமணி நேரத்தை அது விழுங்கிவிட்டதே என்று பொருமிக்கொண்டிருந்தேன். மாலையில் அது இன்னொரு வெயிலைத் திருப்பிக் கொடுப்பதைக் கவனிக்க இரண்டு மாதம் பிடித்தது. கண்ணாடிகள் முழுத் தட்டையாக இருப்பதில்லை என்பதால் இந்த வெயில் கட்டமாக விழாது; நெளிந்து, நடுவில் பிதுங்கி, விளிம்பில் கோடு கோடாகக் கிடக்கும். காலை வெயில் நேரம் ஆக ஆகச் சுவரில் இறங்கும், இந்த மாலை வெயிலோ ஏறும். ஏன் என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் விளையாடினால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

இதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். என் முதல் நோட்டின் முதல் பதினைந்து பக்கங்களில் "அழகான காலை ஒளி", "பொன்னிற வெயில்", "மனதை வருடும் வெளிச்சம்" என்றே இருக்கிறது. இப்போது படித்தால் எந்த நாள், எந்த வெயில், எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. எனவே ஒரு விதி: முதல் மாதம் அழகு, அருமை, பொன், தங்கம், வருடல் ஆகிய சொற்களுக்குத் தடை. நேரம், எங்கே விழுகிறது, என்ன வடிவம், விளிம்பு கூர்மையா மங்கலா, பக்கத்தில் இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால் என்ன நிறம் என்று எழுதுங்கள். தடைக்குப் பின் எழுதிய ஒரு குறிப்பைத் தருகிறேன்:

"பிப்ரவரி 12, காலை 7.10. மேற்குச் சுவர். கட்டத்தின் மேல் விளிம்பு காலண்டர் ஆணிக்கு நான்கு விரல் கீழே. ஜன்னல் கம்பிகளின் நிழல் புகை போல இருக்கிறது, எண்ண முடிகிறது, அவ்வளவுதான். சட்டத்தின் நிழல் கறுப்பு. காலண்டர் தாளின் வெள்ளை வெயிலில் மஞ்சளாகவும் நிழலில் நீலமாகவும் தெரிகிறது. விரலைச் சுவருக்கு அருகே பிடித்தால் விரல் நிழல் கூர்மையாக விழுகிறது, கம்பி நிழல் ஏன் அப்படி விழவில்லை?"

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒவ்வொரு குறிப்பும் ஒரு கேள்வியில் முடிய வேண்டும். அந்தக் கேள்விக்கு மூன்று நாள் இணையத்தில் விடை தேடக் கூடாது. மூன்று நாளும் குளிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தைப் பற்றிய சிந்தனை என்று நான் சொல்வது இதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒளியைத் தியானிப்பது வேறு துறை.

சொற்களுக்குப் பஞ்சம் வந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், சாய்வெயில், மஞ்சள் வெயில், கருக்கல், மசங்கல் என்று ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு பெயர் அவர்களிடம் இருக்கும். அகத்திணை மரபு ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தது. அதில் பிற்பகலுக்கு எற்பாடு என்று பெயர். எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்தல். நான்கு மணி வெயிலைப் பார்த்து "எற்பாடு" என்று நோட்டில் எழுதிய அன்று எனக்கு ஏனோ தலைகால் புரியாத சந்தோஷம்.

விளிம்பும் வட்டமும்

இப்போது அந்தக் கம்பி நிழல் கேள்விக்கு வருவோம். மூன்று நாள் கழித்துப் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால் எல்லா நிழலும் கத்தியால் வெட்டியதுபோல விழும். அது ஒரு தட்டு. வானத்தில் அரைப் பாகை அகலம். அதன் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் தெரிகிற இடமெல்லாம் அரைநிழல். இந்த அரைநிழலின் அகலம், நிழல் விழுத்தும் பொருளுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108இல் ஒரு பங்கு. சூரியன் தன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு தூரத்தில் இருப்பதால் வந்த எண் இது. (108 என்றதும் கோயிலுக்கு ஓட வேண்டாம், தற்செயல்தான்.) பத்தடி தள்ளியிருக்கும் ஜன்னல் கம்பிக்கு இந்த மங்கல் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். கம்பியின் பருமனோ ஒரு சென்டிமீட்டர் சொச்சம். முழுக்கறுப்பு நிழலுக்கு இடமேது? அதனால்தான் புகை மாதிரி விழுகிறது. தெருவில் மின்கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே போகும் கம்பியின் நிழலைத் தரையில் தேடிப் பாருங்கள். கம்பத்தின் நிழல் பட்டையாக விழுந்திருக்க, கம்பி இருந்த சுவடே இருக்காது.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. மரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே விழும் வெளிச்சப் பொட்டுகள் ஏன் எல்லாம் வட்டமாக இருக்கின்றன? இடுக்குகள் வட்டம் இல்லையே. ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. தரையில் விழுவது சூரியனின் படம். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் ஓட்டு விரிசல் வழியாகத் தரையில் விழும் காசு வட்டங்களைக் கையில் பிடிக்க முயன்றிருப்பார்கள். அந்தக் காசின் விட்டத்தை அடிக்கோலால் அளந்து 108ஆல் பெருக்குங்கள், அது விழும் துளை எவ்வளவு தூரம் என்பது வந்துவிடும். மூன்று மீட்டர் என்றால் வட்டம் 2.8 சென்டிமீட்டர். வெயில் சாய்ந்து விழுந்தால் வட்டம் முட்டையாக நீளும்; அப்போது குறுக்களவை மட்டும் எடுங்கள். மேகம் சூரியனைக் கடக்கும்போது அந்த வட்டத்துக்குள்ளேயே மேகம் தலைகீழாக ஊர்ந்துபோவதைப் பார்க்கலாம்.

2019 டிசம்பர் 26 அன்று காலை கிரகணம் பிடித்தபோது எங்கள் தெருப் புங்கமரத்தடியில் ஆயிரம் பிறை விழுந்து கிடந்தது. சென்னையில் பகுதி கிரகணம்தான். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் இருந்தவர்களுக்கு மரத்தடி முழுக்க மோதிரம். தெருவில் பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மீதிப்பேர் வானத்தைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தது நானும் ஒரு பூக்காரம்மாவும்தான். 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் அடுத்த வளையக் கிரகணம் கடக்கிறது. நல்ல மரமாகப் பார்த்து இப்போதே இடம் பிடியுங்கள்.

அடுக்களையில் இரண்டு சோதனைகள்

டம்ளர் சங்கதி எளிது. எவர்சில்வர் டம்ளரில் பாதிக்குக் கீழே பால் அல்லது பால் கலந்த காப்பியை ஊற்றி, பக்கவாட்டில் வெயில் விழும்படி வையுங்கள். உள்சுவரில் பட்டுத் திரும்பும் கதிர்கள் பாலின் மேல் இரண்டு பிரகாசமான வில்களாகக் குவியும். இரண்டு வில்லும் நடுவில் ஒரு கூர்முனையில் சந்திக்கும். விளிம்பில் விரலை மெல்ல ஓட்டினால் வில்லின் எந்தத் துண்டு எந்த இடத்துக் கதிரால் வருகிறது என்பது துண்டுதுண்டாக அணைந்து காட்டும். கடுங்காப்பியிலும் வெறும் தண்ணீரிலும் இது எடுபடாது, வெளிச்சம் உள்ளே இறங்கிவிடும். இரவில் விளக்கடியிலும் செய்யலாம்.

இரண்டாவது, ஊதுபத்தி. அறைக்குள் வெயில் பட்டை விழும்போது அதில் ஊதுபத்திப் புகையை விடுங்கள். பின்னால் இருண்ட அலமாரிக் கதவு இருந்தால் புகை நீலமாகத் தெரியும். அதே புகையை ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருக்கும்படி நின்று பார்த்தால் பழுப்பு. புகைத் துகள்கள் மிகச் சிறியவை. நீல ஒளியை அதிகம் சிதறடித்து, சிவப்பை நேராகப் போகவிடும். வானம் நீலமாக இருப்பதற்கும் அந்தி சிவப்பதற்கும் இதே கணக்குதான், அங்கே சிதறடிப்பவை காற்றின் மூலக்கூறுகள். சோறு கொதிக்கும் ஆவியை இப்படிப் பார்த்தால் எந்தப் பக்கம் நின்றாலும் வெள்ளைதான், நீர்த்துளிகள் பெரியவை.

திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று அதுவரை சொல்லிவந்தார்கள். கையோடு வைத்திருந்த நிகோல் பட்டகத்தால் (தெறித்து வரும் ஒளியை வடிகட்டும் படிகம்) நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஏழு ஆண்டு கழித்து 1928 பிப்ரவரி 28 அன்று வந்து சேர்ந்த 'ராமன் விளைவு' என்ற கண்டுபிடிப்புக்கு 1930இல் நோபல் பரிசு. அந்த ஆய்வின் தொடக்கக் கட்டத்தில் அவர் நம்பியவை சூரிய ஒளி, நிற வடிகட்டிகள், தன் கண். ஊதுபத்தியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டில் யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லலாம். எங்கள் வீட்டில் எடுபடவில்லை.

விளக்கு வைக்கும் நேரம்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

நம் பக்கத்தில் அந்தி நீளாது. சென்னையில் சூரியன் மறைந்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடத்துக்குள் பொழுது மசங்கிவிடும். ஆகவே முன்கூட்டியே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: குத்துவிளக்கு அல்லது அகல், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். மேற்கோ கிழக்கோ, வானம் தெரிகிற ஜன்னல் அருகே தரையில் தாளை விரியுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இரண்டடி தள்ளி விளக்கை ஏற்றுங்கள். ட்யூப்லைட் கூடாது, கூடத்திலிருந்து வரும் டி.வி. வெளிச்சமும் கூடாது. "விளக்கு வைத்த நேரத்தில் ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று என் மாமியார் கேட்பார். விளக்கைக் காட்டுவேன். "அது சாமிக்கு" என்பார்.

தாளின் நடுவே பென்சிலை நிறுத்திப் பிடியுங்கள். முதலில் ஒரு நிழல்தான் தெரியும், விளக்குப் பக்கம் சாய்ந்து. ஜன்னல் வெளிச்சம் இன்னும் வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். காத்திருங்கள். வெளியே காக்கைகள் அடங்கிக்கொண்டிருக்கும். சில நிமிடத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு நிழல், முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, பிறகு திடமாக வரும். இரண்டும் ஒரே கனத்துக்கு வரும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நிறத்தைப் பாருங்கள். ஒன்று ஆரஞ்சு. மற்றொன்று நீலம், சாம்பல் அல்ல, சலவை நீலத்தைக் கரைத்து ஊற்றியதுபோல. நேரம் தப்பிவிட்டது என்றால் தாளை விளக்கிலிருந்து சற்று நகர்த்தி இரண்டையும் சமப்படுத்தலாம்.

விளக்கின் கதிரைப் பென்சில் மறைத்த இடத்தில் வானத்து வெளிச்சம் மட்டும் விழுகிறது, அதனால் நீலம். வானத்தை மறைத்த இடத்தில் சுடர் மட்டும், அதனால் ஆரஞ்சு. நிழல் என்று நாம் சொல்வது இன்னொரு வெளிச்சம் விழும் இடம். இதோடு நம் கண்ணும் கைவரிசை காட்டுகிறது: விளக்கொளியில் மஞ்சளாகிவிட்ட தாளைச் சற்று நேரம் பார்த்ததும் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை இன்னும் நீலமாக்கிக் காட்டுகிறது.

எல்.இ.டி. பல்பு அட்டைப்பெட்டியில் 3000 கெல்வின், 6500 கெல்வின் என்று போட்டிருப்பதும் இதே நிறவேறுபாட்டைத்தான். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். எண்ணெய் விளக்குச் சுடர் 2000க்கும் கீழே. நம் வீடுகளில் பெரும்பாலும் 6500ஐ வாங்கி மாட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டில் சாம்பார் ஏன் சோகமாக இருக்கிறது என்று யோசிக்கிறோம். சாப்பிடும் இடத்துக்கு மட்டுமாவது 3000 மாட்டிப் பாருங்கள், தனிப்பட்ட சிபாரிசு.

தாளைச் சுருட்டி வைத்துவிட்டு மாடிக்குப் போனால் அன்றைய தினத்தின் மிச்சப் பாடம் அங்கே. செம்பருத்திச் செடி இருந்தால் அதன் முன் நில்லுங்கள். பகலில் இலையைவிடப் பளிச்சென்று இருந்த பூ, இருள இருள இலையைவிடக் கறுத்துப்போகும். குறைந்த வெளிச்சத்தில் பார்வை, விழித்திரையின் கூம்புச் செல்களிடமிருந்து குச்சிச் செல்களுக்குக் கைமாறுகிறது. குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. பூர்கின்யே என்ற செக் உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூக்களைப் பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டார். கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்தாலும் பழகியதெல்லாம் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலவு நாட்களில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டியிருந்தால் கையை நீட்டி விரல்களை விரித்து அளந்து பாருங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை சுமார் இருபது பாகை. வட்டத்தின் ஆரம் 22 பாகை, உயர்மேகத்தின் பனிப்படிகங்கள் வகுத்த எண். நிலாவை ஒட்டினாற்போல் நிற வளையம் இருந்தால் அது வேறு, நீர்த்துளிகளின் வேலை. "அகல் வட்டம் பகல் மழை" என்ற பழமொழியை இரண்டு பருவமழை பார்த்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பாதிக்குப் பாதி.

அளந்து பார்த்தால்

கண் நல்ல அளவுகோல் அல்ல. அது சரிக்கட்டிக்கொண்டே போகும். கைப்பேசியில் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள் (முதல் மாதம் முடிந்திருக்கும், எனவே விதிமீறல் இல்லை). துல்லியமாக இருக்காது, ஒப்பிடப் போதும். திறந்தவெளி உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். முழுநிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். நம் கண் இரண்டிலும் வேலை செய்கிறது என்பதே வியப்பு.

ஒரு பகல் பதினொரு மணிக்கு நான் வீடு முழுக்க அளந்தேன். மாடியில் எண்பதாயிரத்துக்கு மேல். கூடத்தில் ஜன்னலோரம் தொள்ளாயிரம். பூஜை அலமாரி முன் நூற்றிருபது. அடுக்களையில் அறுபது. வீட்டில் கத்தி பிடித்து வேலை நடக்கும் ஒரே அறை அடுக்களை. அங்கேதான் வெளிச்சம் குறைவு. குடியிருப்புகளின் வரைபடத்தைப் பாருங்கள்: பால்கனி கூடத்துக்கு, பெரிய ஜன்னல் படுக்கையறைக்கு, அடுக்களைக்குக் குழாய் இறங்கும் சந்தைப் பார்த்த ஒரு சின்னத் திறப்பு. அறுபது லக்ஸில் நாலாண்டு வெங்காயம் நறுக்கியும் இருட்டாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எண்ணைப் பார்த்த பிறகு தோன்றாமல் இருக்க முடியவில்லை. மேடைக்கு மேல் ஒரு பட்டை விளக்கு மாட்டினோம்.

நிழல் இல்லாத நாள்

ஓராண்டு சுவரைக் கவனித்தவர்களுக்கு ஒரு நாள் காத்திருக்கிறது. பூமத்தியரேகைக்கும் கடகரேகைக்கும் நடுவே இருக்கும் நமக்கு ஆண்டில் இருமுறை சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், யாழ்ப்பாணத்தில் 15, மதுரையில் 16, கோயம்புத்தூரில் 19 வாக்கில். ஒரு நாள் முன்பின் இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

நேரம் பன்னிரண்டு மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வகுத்தது, சென்னை அதற்குச் சற்று மேற்கே இருக்கிறது. ஏப்ரலில் உச்சிப்பொழுது சுமார் 12.07க்கு. பதினைந்து நிமிடம் முன்னதாகவே மாடிக்குப் போய்விடுங்கள். முதல் ஆண்டு நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்துப்போய் ஏமாந்தேன். டம்ளரின் வாய் அடியைவிட அகலம். சூரியன் நேர்மேலே இருந்தாலும் வாயின் நிழல் அடியைச் சுற்றி வளையமாக விழுந்துகொண்டே இருந்தது. பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று, ஓரடி நீளம், இதற்குக் கச்சிதம். கொத்தனாரின் தூக்குக் குண்டு கிடைத்தால் செங்குத்தாக நிறுத்தலாம். இல்லாவிட்டால் நூலில் கட்டிய சாவிக்கொத்து போதும். 12.05க்குக் குழாயின் கிழக்கே, அல்லது மேற்கே, நூலளவு நிழல் எஞ்சியிருக்கும். எந்தப் பக்கம் என்று போவதற்கு முன்பே நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். 12.07க்கு அந்த நூலும் போய், குழாயின் உள்ளே தரை வரை வெயில் நிறைந்திருக்கும்.

தரை கொதிக்கும். செருப்பைக் கழற்றாதீர்கள்.